கற்பள்ளத்தாக்கின் குருவானவர் ஓபர்லின்

பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில் அல்சேஸ் என்னும் நிலப்பகுதி உள்ளது. அதன் மேற்கே நிற்கும் வோஜ் மலைகளின் நடுவே சில சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. கற்பள்ளத்தாக்கு எனப் பொருள்படும் ஷ்டைன்தால் என்ற பெயரை ஜெர்மானியர் அவ்விடத்திற்கு இட்டனர். பெயருக்கேற்ற கல்லும் கரடும் நிறைந்த மண், நீண்ட பனிக்காலம், குறுகிய விளைச்சற்காலம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கு வாழ்ந்த மக்கள் லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த ஏழைக் குடியானவர்கள். நிலப்பிரபுவின் ஆதிக்கத்திற்கு உட்பட்டுக் கூலியின்றி வெட்டி வேலை செய்து பழகியவர்கள். அவர்கள் பேசிய கொச்சை மொழி வெளியூரார்க்கு விளங்காது. இவ்வூர்களில் 59 ஆண்டுகள் குருவாகப் பணியாற்றிய ஜான் பிரெடரிக் ஓபர்லினின் வாழ்க்கையை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும் என விழைகின்றோம்.

ஓபர்லின் 1740ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓர் ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே கற்றுத் தேர்ந்தார். படைப்பிரிவு ஒன்றில் குருவாகச் செல்லும் எண்ணத்துடன் இருந்த அவரை, வால்டர்ஸ்பாக் குருசேகரத்தின் குருவான ஸ்டூபர் தேடி வந்து, தமக்குப்பின் அப்பணியை ஏற்குமாறு வேண்டினார். 1767ஆம் ஆண்டு, தம் இருபத்தேழாம் அகவையில், ஓபர்லின் அம்மலையூருக்குக் குடிபெயர்ந்தார்.

ஸ்டூபரைப் பற்றியும் ஒரு சொல் கூறியே ஆகவேண்டும். அவர் முதன்முதல் அவ்வூர்ப் பள்ளியைக் காணச் சென்றபோது, ஒரு குடிசையில் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, கட்டிலில் ஒரு முதியவர் படுத்திருந்தாராம். அவரே ஆசிரியர். ஊர்ப்பன்றிகளை மேய்க்க உடலில் வலுவில்லாமற் போனபின் பிள்ளைகளை மேய்க்குமாறு ஊரார் அவரை அமர்த்தினர் என்று சொல்லப்படுகிறது. ஆசிரியர் என்ற பெயரே இழிவாகக் கருதப்பட்டமையால், மதிப்புள்ள குடும்பத்தார் எவரும் அவ்வேலைக்கு வர இசையவில்லை. ஸ்டூபர் அப்பதவியின் பெயரை மாற்றிப் பெருமையான வேறொரு பட்டம் சூட்டிய பின்னரே தக்க இளைஞர்கள் முன்வந்தனர். ஆசிரியத் தொழிலில் முடி நரைத்த நாம் இதைப் படித்து நகைத்ததும் உண்டு; சிந்தித்ததும் உண்டு.

ஓபர்லின் புதிய பள்ளிக் கட்டடம் எழுப்ப முனைந்தபோது ஊரார் எதிர்த்தனர். கட்டினால் அதனைப் பழுதுபார்க்கும் செலவு தங்கள் தலையில் விழும் என அஞ்சினர். அச்செலவு ஊர்மீது சுமத்தப்படாது என எழுத்திலேயே உறுதி கொடுத்துவிட்டு, ஸ்ட்ராஸ்பர்க் நண்பர்களிடம் கையேந்தி அவர் பணியைத் தொடங்கினார். காலப்போக்கில் ஐந்து ஊர்களுக்கும் பள்ளிகள் வந்தன.

அடுத்து வந்தது பாதை. மலையூர்களிலிருந்து வெளியே செல்லச் சரியான வழி இல்லை. விளைந்ததை விற்கவும் இயலாது. வேண்டியதை வாங்கவும் இயலாது. ரோத்தோவை ஒட்டி ஓடும் புரூஷ் ஆற்றுக்குப் பாலமிட்டு, பாறைகளை வெடிவைத்துப் பிளந்து, ஸ்ட்ராஸ்பர்க் செல்லும் பெருஞ்சாலையோடு இணைத்துவிடலாம் என்று அவர் சொன்னபோது, மக்கள் தலையசைத்து மறுத்தனர். காரணம் வெளிப்படை. பாதை வேலை என்றால் அவர்கள் அறிந்தது பிரபுவுக்குச் செய்யும் வெட்டி வேலை ஒன்றே. மேலிருந்து வரும் கட்டளைக்கு முதுகு வளைத்த கைகள், மீண்டும் ஒரு கட்டளைக்கு எழவில்லை.

ஓபர்லின் அவர்களிடம் மேற்கொண்டு வாதாடவில்லை. பிக்காசைத் தோளில் வைத்துக்கொண்டு, தம் வேலையாளுடன் தாமே பாறையண்டை சென்று வெட்டத் தொடங்கினார். முள் அடர்ந்த இடத்தையும் இடர் மிகுந்த இடத்தையும் தமக்கென வைத்துக்கொண்டார். பட்டம் பெற்ற குரு, அங்கி அணிந்து திருவிருந்து பரிமாறும் கரத்தால் கல் உடைப்பதைக் கண்ட ஊரார் ஒவ்வொருவராகக் கருவியுடன் வந்து சேர்ந்தனர். பாதையும் முடிந்தது, பாலமும் எழுந்தது. அப்பாலத்திற்கு அன்பின் பாலம் என்று பெயர் வழங்கலாயிற்று.

ஈண்டு நாம் சற்று நிற்க வேண்டும். துறவியின் தவமும் குருவின் பூசையும் மட்டுமே புனிதம் என்றிருந்த எண்ணத்தை லுத்தர் 16ஆம் நூற்றாண்டில் உடைத்தார். செருப்புத் தைப்பவனும் பால் கறப்பவளும் தத்தம் வேலையின் வழியாக அயலானுக்குத் தொண்டு செய்கின்றனர். அதுவே இறைவன் அவர்களுக்கு அளித்த அழைப்பு என்று போதித்தார். நல்ல போதனைதான். ஆயினும் நம் சமூகத்தார் காதில் இது ஐயத்தோடுதான் விழும். நம் முன்னோரிடமும் தொழில் புனிதமானது என்று சொல்லப்பட்டது. சொன்னவர் மட்டும் அத்தொழிலைத் தொடவில்லை. பறை அடிப்பதும் பிணம் சுடுவதும் பிறப்பால் வந்த கடமை என்றனர், கூலியும் தரவில்லை, விலகவும் விடவில்லை. இதனை அழைப்பு என்று நாம் ஏற்கமாட்டோம். ஓபர்லினின் சபையில் உயர்ந்தவன் முதலில் கல்லைத் தொட்டான். ஏழையின் மகனோ தந்தையின் தொழிலோடு கட்டப்பட்டுக் கிடக்கவில்லை. ஊரில் தச்சன் இல்லை, கொல்லன் இல்லை, கொத்தன் இல்லை எனக் கண்ட ஓபர்லின், அறிவுள்ள இளைஞர்களைத் தேர்ந்து ஸ்ட்ராஸ்பர்க்கிற்கு அனுப்பித் தொழில் பயிற்றுவித்தார். திரும்பி வந்தோர் ஊருக்குப் பயன்பட்டனர், தாமும் நிமிர்ந்தனர். இந்த வேறுபாட்டை இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

வேளாண்மையிலும் அவர் இதே முறையைக் கையாண்டார். நகரத்தில் வளர்ந்தவருக்கு உழவைப் பற்றி என்ன தெரியும் என்று ஊரார் ஏளனம் செய்தனர். ஆகவே அவர் சொற்பொழிவாற்றாமல், குருமனைக்குரிய நிலத்தில், ஊரார் நாள்தோறும் கடந்து செல்லும் ஒற்றையடிப் பாதையோரமாகவே கனிமரக் கன்றுகளை நட்டார். மரங்கள் செழித்தபோது, அவை எவ்வாறு இம்மண்ணில் வளர்ந்தன என்று அவர்களே வந்து கேட்டனர். சீர்கெட்டுப்போன உருளைக்கிழங்குக்கு மாற்றாகப் புதிய விதைக்கிழங்கை வருவித்தார். கருவிகளை நகரில் வாங்கி வந்து வாங்கிய விலைக்கே கடனாகக் கொடுத்தார். கடன் நிதி ஒன்றும் ஏற்படுத்தினார். திடப்படுத்தலுக்கு வரும் பிள்ளைகள் மரம் நட்டிருக்க வேண்டும் எனவும் விதித்தார்.

அவருடைய பணிகளில் உலகம் பெரிதும் நினைவுகூர்வது சிறுபிள்ளைகளின் பள்ளியாகும். இதன் தொடக்கம் குருவானவரால் அன்று, எளிய கிராமத்துப் பெண்களால் ஆயிற்று. சாரா பான்சே என்னும் இளம்பெண், தாய்தந்தையர் வயலுக்குச் சென்றபின் தெருவில் அலைந்த குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பின்னல் வேலை கற்பித்தாள். அதனைக் கண்ட ஓபர்லின் தம் துணைவியாரோடு சேர்ந்து அம்முறையை எல்லா ஊர்களுக்கும் விரிவாக்கினார். பின்னலோடு பாட்டு, செடிகொடிகளின் பெயர்கள், நிலப்படம், நல்ல பிரெஞ்சு மொழி ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. ஐரோப்பாவில் மழலையர் பள்ளிகள் பரவுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே இது நிகழ்ந்தது.

அப்பெண்களுள் லூயீஸ் ஷெப்ளர் தலையாயவள். 1763இல் பிறந்து, தம் பதினைந்தாம் வயதளவில் ஓபர்லின் இல்லத்திற்குப் பணிப்பெண்ணாக வந்தவர். பனியில் நடந்து ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். 1783இல் ஓபர்லினின் மனைவியார் காலமானபோது, ஏழு பிள்ளைகளையும் வளர்க்கும் பொறுப்பு இவர்மேல் விழுந்தது. இனித் தமக்குக் கூலி வேண்டா, மகளாக ஏற்றுக்கொண்டால் போதும் என்று ஓபர்லினிடம் வேண்டிக்கொண்டார், அவ்வாறே ஏற்கப்பட்டார். ஓபர்லினின் மறைவுக்குப்பின் அவர்தம் பிள்ளைகள் சொத்தில் பங்கு கொடுக்க முன்வந்தபோது மறுத்து, ஓபர்லின் என்னும் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள மட்டுமே உரிமை கேட்டார். 1829இல் பிரெஞ்சு அக்காதெமி நற்செயலுக்கான பரிசாக 5000 பிராங்குகளை அவருக்கு அளித்தது. அறிவியலறிஞர் குவியே அந்த அவையில் ஒரு பணிப்பெண்ணின் வரலாற்றை எடுத்துரைத்தார்.

ஓபர்லினிடம் விந்தையான கருத்துகளும் இருந்தன. மறுமையின் உறைவிடங்களைக் காட்டும் படம் ஒன்றையும் அவர் வரைந்து வைத்திருந்தார். அவற்றை ஆராய்வது நம் நோக்கமன்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794இல், சிறிது காலம் கைதானார். ரோபஸ்பியரின் வீழ்ச்சிக்குப்பின் விடுவிக்கப்பட்டார். காடுகளின் உரிமை குறித்து ஊர்களுக்கும் நிலவுடைமையாளர்களுக்கும் பல தலைமுறைகளாக நடந்து மக்களை வறுமையாக்கிய வழக்கு, அவருடைய முயற்சியால் 1813இல் சமரசத்தில் முடிந்தது. உடன்படிக்கையில் ஒப்பமிட்ட பேனாவை ஊர்த்தலைவர்கள் அவரிடமே அளித்தனர். 1819இல் அரசு லீஜியன் ஆஃப் ஆனர் விருது வழங்கியது. 1826ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அவர் மறைந்தார். ஃபுதே ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் கடல் கடந்து சென்றவரல்லர். அவர் பெயர் சென்றது. 1833இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஊருக்கும் கல்லூரிக்கும், கற்பள்ளத்தாக்கின் வரலாற்றைப் படித்து நெகிழ்ந்தவர்கள் ஓபர்லின் எனப் பெயரிட்டனர். அடிமைமுறை அந்நாட்டில் ஓங்கியிருந்த 1835ஆம் ஆண்டிலேயே, கறுப்பின மாணவரையும் சேர்ப்பதென அக்கல்லூரி முடிவெடுத்தது. மேரி ஜேன் பேட்டர்சன் என்னும் கொத்தனார் மகள் 1862இல் அங்கு இளங்கலைப் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே என்பர். 1871இல் அவர் வாஷிங்டன் நகரில், கறுப்பின மாணவருக்கான உயர்நிலைப் பள்ளியொன்றின் தலைமையாசிரியராக அமர்ந்தார்.