ஆராய்ச்சிப் பணியில் உயர்ந்த மேகநாத் சாகா

நம் சமுதாய இளைஞர் பலர் அறிவியலிலும் பொறியியலிலும் பட்டம் பெற்று வருகின்றனர். ஆயினும், பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பணி நமக்கு எட்டாதது என்று ஒதுங்குவோரும் உளர். அவர்தம் பொருட்டு அறிவியலறிஞர் மேகநாத் சாகாவின் வாழ்வை இம்மலரில் எடுத்துரைக்க விழைகிறோம்.

இன்று வங்கதேசத்திலுள்ள டாக்காவுக்கு அருகே சியோராதலி என்னும் சிற்றூரில், தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சாதியில், 1893 அக்டோபர் 6-ஆம் நாள் சாகா பிறந்தார். தந்தையார் சிறு மளிகைக் கடை நடத்தி வந்தார். மேற்படிப்புக்குப் பள்ளி அவ்வூரில் இல்லை. அனந்த குமார் தாஸ் என்ற மருத்துவர் தம் இல்லத்தில் இடமும் உணவும் அளித்தமையால் படிப்பு தொடர்ந்தது.

பின்னர் டாக்காவில் உதவித்தொகை பெற்றுப் பயின்றார். 1905-இல் வங்கப் பிரிவினையை ஒட்டி ஆளுநர் வருகையை மாணவர் புறக்கணித்தபோது அவ்வுதவித்தொகையும் பறிபோயிற்று. மனந்தளராது வேறு பள்ளியிற் படித்து, 1911-இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியை அடைந்தார். விடுதியிலோ உயர்சாதி மாணவர் சிலர் அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தனர். அவ்விழிவைச் சுமந்துகொண்டே 1915-இல் கணித முதுநிலைத் தேர்வில் இரண்டாமவராக வென்றார். முதல்வராக வந்தவர் சத்தியேந்திரநாத் போஸ்.

தகுதியிருந்தும் வேலை எளிதில் வாய்க்கவில்லை. புரட்சியாளரோடு தொடர்புடையவர் என்ற ஐயத்தால் அரசு நிதித்துறைத் தேர்வெழுத அனுமதி மறுக்கப்பட்டது. தனிப்பயிற்சி அளித்தே பிழைத்தார்.

அந்நாளில் தாரகநாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்னும் வழக்கறிஞர் இருவர் வழங்கிய பெருங்கொடையால், அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியில் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியற் கல்லூரி எழுந்தது. 1916-இல் அங்கு சாகா விரிவுரையாளரானார். கணிதம் கற்றவர், இயற்பியலைத் தாமே பயின்று பிறர்க்கும் பயிற்றுவித்தார். கருவிகள் போதாமையால், தாளும் எழுதுகோலும் கொண்டு செய்யத்தக்க ஆராய்ச்சியைத் தேர்ந்தார். கடும் வெப்பத்தில் அணுக்கள் மின்னணுக்களை இழப்பதைக் கணக்கிடும் அவரது சமன்பாடு 1920-இல் வெளிவந்தது. விண்மீன் ஒளியிலிருந்தே அதன் வெப்பநிலையை அறிய அது வழிகாட்டிற்று. பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகை அவரை இலண்டன், பெர்லின் ஆய்வகங்களுக்கு அழைத்துச் சென்றது. 1923-இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1927-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1938-இல் கல்கத்தா திரும்பி, கொடையாளி பாலித்தின் பெயர் தாங்கிய பேராசிரியர் பதவியை ஏற்றார். 1952-இல் மக்களவை உறுப்பினரானார். 1956 பிப்ரவரி 16-ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாற்றில் இரு கடமைகளைக் காண்கிறோம். சோறிட்ட மருத்துவரும் கொடையளித்த வழக்கறிஞரும் இடம் அமைத்தனர். அவ்விடத்திற்குத் தம்மைத் தகுதியாக்கிக்கொண்டவர் சாகா. இடம் அமைக்கும் கடமை நம் சங்கத்தினுடையது. கடந்த 25 ஆண்டுகள் அதற்கே செலவாயின. மற்றக் கடமை இளைஞர்களுடையது. நெட், கேட் தேர்வுகள் இன்று ஆராய்ச்சி உதவித்தொகைக்கு வாயில்களாக உள்ளன. பட்டியல் சாதி மாணவர்க்கெனத் தேசிய உதவித்தொகையும் உண்டு. அவற்றை நாடுங்கள். செய்த ஆய்வை ஏட்டில் வெளியிடுங்கள். பணி கேட்டுச் செல்லும்போது உமக்காகப் பேசுவது அதுவே.