மொறிஸ் காரின் முதலாளி: வாங்கி வளர்ந்தவர், இணைந்து இழந்தவர்

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஸ்டார்ட் பண்ண மட்டும் சொட்டுப் பெற்றோல். அந்தப் பெயருக்குரிய மனிதர் யாரென்று அப்போது நான் யோசித்ததில்லை. பின்னாளில் அவரைப் பற்றி வாசித்தபோது, கார்க் கம்பனிகள் ஒன்றையொன்று வாங்குவதன் லாபமும் நட்டமும் அவர் ஒருவரின் வாழ்க்கையிலேயே இருப்பதைக் கண்டேன்.

வில்லியம் மொறிஸ் 1877இல் இங்கிலாந்தின் வூஸ்டரில் பிறந்து ஒக்ஸ்போர்டில் வளர்ந்தவர். பள்ளிப் படிப்பை 15 வயதோடு நிறுத்திவிட்டு ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தார். சம்பள உயர்வு கேட்டார், கிடைக்கவில்லை. 4 பவுண் முதலோடு வீட்டிலேயே சைக்கிள் திருத்தத் தொடங்கினார். 1913இல் அவரது முதல் கார், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், வெளிவந்தது.

அந்தக் காரின் எஞ்சின், வெளிக்கூடு, ரேடியேற்றர் எல்லாவற்றையும் வெளியாரிடம் வாங்கித்தான் பூட்டினார். அதனால் பெரிய முதல் தேவைப்படவில்லை. ஆனால் விற்பனை ஏறியபோது பாகம் தருபவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1923இல், எஞ்சின் செய்து தந்த கொவென்ரி தொழிற்சாலையையே வாங்கினார். வெளிக்கூடு, ரேடியேற்றர், கார்பரேற்றர் செய்தவர்களின் கம்பனிகளும் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன.

அடுத்து போட்டியாளர்கள். 1927இல் வங்குரோத்தான வூல்ஸ்லி கம்பனி ஏலத்துக்கு வந்தது. அங்கே முன்பு பொறுப்பாக இருந்த ஹேர்பர்ட் ஒஸ்டினும் அதைக் கேட்டார். மொறிஸ் 730,000 பவுண் கொடுத்து வென்றார். பிரான்சில் வாங்கிய லெயோன் பொலே கம்பனி மட்டும் கைகொடுக்கவில்லை. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டார்.

அவருடைய நிர்வாகிகளில் கெட்டிக்காரரான லெனார்ட் லோர்ட், லாபத்தில் பங்கு கேட்டு முரண்பட்டு 1936இல் வெளியேறினார். பிறகு ஒஸ்டினில் சேர்ந்து அதன் தலைவரானார். 1952இல் மொறிசும் ஒஸ்டினும் இணைந்து பிரிட்டனின் மிகப் பெரிய கார்க் கம்பனி உருவானபோது, அதிகாரம் லோர்டிடம் போனது. நஃபீல்ட் பிரபுவாகியிருந்த மொறிஸ் சில மாதங்களே தலைவராக இருந்தார்.

பெயர்தான் இணைந்தது, வேலை இணையவில்லை. 1959இல் வந்த ஒஸ்டின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் ஒக்ஸ்போர்டையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். முகப்பையும் பெயரையும் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் இரண்டுக்கும் தனித்தனி விற்பனையாளர்கள், தனித்தனிச் செலவு. அந்தக் கம்பனி 1968இல் லேலண்டோடு இணைந்தது. 1975இல் அரசின் கைக்குப் போனது. 1984இல் மொறிஸ் பெயரில் கார் வருவதும் நின்றது. அவர் வளர்த்த எம்.ஜி. என்ற பெயர் இன்று ஒரு சீனக் கம்பனியிடம் இருக்கிறது.

பிள்ளைகள் இல்லாத மொறிஸ், ஏறத்தாழ 3 கோடி பவுணை மருத்துவத்துக்கும் கல்விக்கும் கொடுத்துவிட்டு 1963இல் இறந்தார். வாங்கிச் சேர்த்த கம்பனிகள் கலைந்துபோயின. ஒக்ஸ்போர்டில் அவர் கொடுத்த பணத்தில் எழுந்த நஃபீல்ட் கல்லூரி இன்றும் இயங்குகிறது.