கல்லுக்கு ஊர்ப்பெயர் எழுதியவர்

நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றின் கண்ணாடிப் பேழையில் புதைபடிவம் ஒன்று நெடுங்காலம் இருந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலச் சுருண்ட அம்மோனைட்டு அது. அரியலூர்ப் பக்கமிருந்து எவரோ கொண்டுவந்து கொடுத்தது என்பார்கள். அரியலூரில் எந்த ஊர், ஓடைக்கரையா சுண்ணாம்புக்கல் சுரங்கமா, எடுத்தவர் யார், எந்த ஆண்டு என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லை. பார்வைக்கு அழகுதான், ஆய்வுக்கு அதனால் ஏறத்தாழ எந்தப் பயனும் இல்லை. அந்தப் பேழையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ராபர்ட் புரூஸ் ஃபூட் நினைவுக்கு வருவார்.

பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவர் என்று பள்ளிப் பாடநூலில் ஒரு வரியாக அவரை எல்லாரும் அறிவோம். அந்த வரி ஒருநாள் நிகழ்வைச் சொல்கிறது. அதற்குப் பின்னர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் செய்த சலிப்பூட்டும் வேலையைப் பற்றி நாம் பேசுவதில்லை. கிடைத்ததைக் கழுவுவது, இனங்காண்பது, எண்ணிடுவது, இடம் எழுதுவது, பட்டியலில் சேர்ப்பது என்பதே அந்த வேலை.

ஃபூட் 1834 செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தார். 1858 டிசம்பரில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். இங்கே அவர் மணந்தது பீட்டர் பெர்சிவலின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல் பாதிரியார்தான். பின்னர் சென்னைக்கு வந்து தினவர்த்தமானி இதழை நடத்தியவர். அவர் தொகுத்து 1874இல் வெளியிட்ட தமிழ்ப் பழமொழித் தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் இருந்தன. மாமனார் ஊர் ஊராகச் சொற்களைச் சேர்த்தார், மருமகன் கற்களைச் சேர்த்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சிதறிக் கிடப்பதைத் திரட்டி வரிசைப்படுத்தும் குணம் அந்தக் குடும்பத்துக்கே உரியதாக இருந்திருக்கிறது.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் படையினர் அணிவகுக்கும் மைதானத்தருகே, சரளை தோண்டிய சிறு குழியிலிருந்து வெளியே கொட்டப்பட்ட கழிவில், மனிதக் கை செதுக்கியது போன்ற ஒரு கல்லை ஃபூட் கண்டார். நான்காண்டுகளுக்கு முன்னர்தான், 1859இல், பிரான்சின் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கோடரிகள் உண்மையானவை என்று இங்கிலாந்தின் அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தனர். அவற்றை ஆண்டுக்கணக்கில் சேகரித்துவந்த பூஷே த பெர்த் ஒரு சுங்க அதிகாரி. அதுவரை அவரைப் பலர் பொருட்படுத்தவில்லை. அந்தச் செய்தியை அறிந்திருந்ததால்தான் ஃபூட்டின் கண் பல்லாவரத்துக் கல்லில் நின்றது.

ஆயினும் அந்தக் கல்லில் ஒரு குறை இருந்தது. அது குழியின் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. வேறொருவர் தோண்டி வெளியே எறிந்த மண்ணில் கிடந்த பொருள் அது. பூமிக்குள் இருந்த இடத்திலேயே இன்னொன்று கிடைக்காதவரை ஐயம் நீங்காது. அதே ஆண்டு செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன், திருவள்ளூர்ப் பக்கம் கொற்றலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்துக்குச் சென்றார். அங்கே ஓடை அரித்த கரையில், சரளை அடுக்கினுள்ளேயே கற்கருவிகள் பதிந்திருந்தன. ஐரோப்பாவில் சிக்கிமுக்கிக் கல். இங்கே குவார்ட்சைட்டுக் கல். கல்தான் வேறு, கைவேலை ஒன்றே என்பது ஃபூட்டுக்கு விளங்கியது. கண்டறிந்தவற்றை 1866இல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் விரிவாக வெளியிட்டார்.

அவர் குறித்துவைத்த அதே அத்திரம்பாக்கத்தில்தான் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் நம் காலத்தில் அகழாய்வு செய்தனர். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்ற முடிவு 2011இல் வெளியானது. ஃபூட் தம் காலத்தில் எந்த வயதும் கணித்துச் சொல்லியிருக்க முடியாது. அதற்கான கருவி எதுவும் அன்று உலகில் இல்லை. இடத்தைச் சொல்ல முடிந்தது. அதைச் சரியாகச் சொன்னார்.

ஃபூட் தொழில்முறைப் புவியியலாளர். பாறை வரைபடம் தயாரிப்பதற்காக அவருக்குச் சம்பளம். கற்காலக் கருவிகளைச் சேர்ப்பதற்காக அல்ல. தொல்பழங்கால ஆய்வு என்ற துறையே இந்தியாவில் அன்று இல்லை, அதற்கான பயிற்சியும் இல்லை. பணிப் பயணத்தின் ஊடே, சொந்த ஆர்வத்தில், சொந்தச் சேகரிப்பாகத்தான் அவர் அதை வளர்த்தார். அந்தப் பாதியில் அவர் நம்மில் ஒருவரைப் போன்ற ஆர்வலர்தான்.

அவருக்கு முன்னோடிகளும் இருந்தனர். சென்னை மாகாணத்தின் வருவாய், நீதி நிர்வாகத்தில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கில அதிகாரிகள் 1840களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கிளிஞ்சல், நத்தை, அம்மோனைட்டுப் படிவங்களை ஓய்வு நேரத்தில் திரட்டி லண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846இல் அறிக்கை வெளியிட்டார். தென்னாட்டின் ஒரு பகுதி டைனோசர் காலத்தில் கடலடியில் கிடந்தது என்பது உலகுக்குத் தெரிந்ததில் அந்த இரு அதிகாரிகளின் பெட்டிகளுக்குப் பெரும்பங்குண்டு. ஃபோர்ப்ஸ் இந்த மண்ணை மிதித்தவரல்லர். பெட்டியோடு சென்ற இடக்குறிப்பே அவருக்குக் கண்ணாக இருந்தது.

பொருளியல் படித்தவனுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். அரியலூர் மண்ணில் அம்மோனைட்டு அரிய பொருளன்று. சிமென்ட் ஆலைக்குப் போகும் சுண்ணாம்புக் கல்லோடு எத்தனையோ அரைபட்டிருக்கும். அதன் சந்தை விலை அற்பம். மதிப்பு முழுவதும் அதோடு ஒட்டிய தகவலில் இருக்கிறது. தகவல் கழன்றுவிட்டால் அதை மீண்டும் எந்த விலைக்கும் வாங்க முடியாது, கல் கையில் இருந்தாலும்.

இனி, தூய்மை செய்யும் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர் படிவத்தை எடுப்பதே கடினம் என்று நினைப்பர். எடுத்தபின் அதைக் காப்பாற்றுவதுதான் கடினம். ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் இலைத் தடங்கள் பதிந்த களிப்பாறை அடுக்குகளை ஃபூட் தம் 1873 அறிக்கையில் விவரித்திருக்கிறார். இத்தகைய பாறையைத் தண்ணீரில் போட்டுக் கழுவினால் தாள் தாளாகப் பிரிந்துவிடும். உலர்ந்த மென்தூரிகையும் ஊசியும் பொறுமையும்தான் வேண்டும். செம்புரைக்கல்லில் கிடைக்கும் கற்கருவிக்கோ முரட்டுத் தூரிகையும் தண்ணீரும் தாங்கும். எலும்பு இரண்டையும் தாங்காது. பெல்காம் மாவட்டத்தில் கோகாக் அருகே சிக்தௌலி ஓடைக்கரையில் கிடைத்த காண்டாமிருக எலும்புகளை ஃபூட்டே ஆராய்ந்து, பல் அமைப்பை அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிட்டு, தக்காணத்தின் பெயரைச் சூட்டி 1874இல் புது இனமாக வெளியிட்டார். காண்டாமிருகமே இன்று இல்லாத நிலப்பகுதி அது. தமக்குப் பழக்கமில்லாத படிவங்களை அவர் வலிந்து இனங்காணவில்லை. தாவரப் படிவங்களை ஃபைஸ்ட்மாண்டலும், குகை எலும்புகளை லிடெக்கரும் பார்த்துச் சொன்னார்கள். தெரிந்தவரிடம் ஒப்படைப்பதும் இனங்காணும் வேலையின் ஒரு பகுதியே.

அந்தக் குகை எலும்புகளின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. கர்நூல் மாவட்டத்தில் பேதம்செர்லா அருகே பில்லாசுர்கம் என்ற சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன. நியூபோல்டு என்ற படைத் தலைவர், அவரும் ஓர் ஆர்வலர், அங்கே எலும்புகள் இருப்பதை 1844இல் எழுதினார். பின் நாற்பது ஆண்டுகள் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டார்வினின் நண்பர் ஹக்ஸ்லி அக்குகைகளை ஆராயும்படி சென்னை ஆளுநர் கிராண்ட் டஃபுக்கு யோசனை சொல்ல, பொறுப்பு ஃபூட்டிடம் வந்தது. அலுவல் அவரை வேறிடத்துக்கு இழுத்தபோது, பீரங்கிப் படையில் லெப்டினன்டாக இருந்த மகன் ஹென்றி வேலையைத் தொடர்ந்தார். எது எந்தக் குகையில் கிடைத்தது என்ற குறிப்போடு எலும்புகள் சேர்ந்தன. 1886இல் லிடெக்கர் அவற்றை விவரித்தார். அதில் ஒரு காண்டாமிருக இனம் கர்நூலின் பெயரைத் தாங்கியது. செதுக்கிய எலும்புக் கருவிகளும் கிடைத்ததாகத் தந்தையும் மகனும் பதிவு செய்தனர்.

அந்த எலும்புக் கருவிகள் பிற்காலத்தில் காணாமற்போயின. எங்கே, யார் கையில் தொலைந்தன என்பது தெளிவில்லை. பொருள் போன பின்னும் அறிக்கை இருந்தது. அதை வைத்துக்கொண்டு 20ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் ஆய்வாளர்கள் கர்நூல் குகைகளுக்குத் திரும்பிச் சென்று மீண்டும் தோண்டினார்கள். கல்லூரிப் பேழையில் பொருள் இருந்தது, குறிப்பு இல்லை. பில்லாசுர்கத்தில் குறிப்பு இருந்தது, பொருள் இல்லை. இரண்டில் எது பெரிய இழப்பு என்று இப்போது எனக்கு ஐயமில்லை.

நம் பக்கமும் ஃபூட் வந்திருக்கிறார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நில அமைப்பைப் பற்றிய அவரது அறிக்கை 1883இல் வெளியானது. அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நாஞ்சில் நாட்டையும் உள்ளடக்கிய தென் திருவிதாங்கூரைப் பற்றித் தனிக் கட்டுரையும் அதே ஆண்டில் வந்தது. எங்கள் மாவட்டத்தின் மலைகளில் புதைபடிவம் தேடுவது வீண். பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பழம்பாறைகள் அவை; உயிரின் தடம் எதுவும் அவற்றில் தங்கியிருக்காது. கடலோரத்தில், சிப்பித் துகள் கலந்து இறுகிய இளம் பாறைகளிலும் செம்மண் தேரிகளிலும்தான் தேடுபவனுக்கு வேலை. தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரத்துத் தேரியில் ஃபூட் சிறு கற்கருவிகளைக் கண்டு குறித்தார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து சாய்னரும் ஆல்ச்சினும் அத்தேரிகளை ஆராய்ந்து 1956இல் எழுதிய கட்டுரையால்தான் தேரிப் பண்பாடு என்ற பெயர் உலகறிந்தது. ஃபூட்டின் குறிப்பு அவர்களுக்கு முன்பே அங்கு காத்திருந்தது.

அவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்பதில்லை. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவே தென்னாட்டில் மனிதர் இல்லாத நெடிய இடைவெளி இருந்தது என்று அவர் கருதினார், அக்கருத்து நிற்கவில்லை. கருத்து தவறியபோதும் சீட்டு தவறவில்லை. அவரை மறுத்தவர்களும் அவர் சேர்த்த கற்களையும் இடங்களையும் கொண்டே மறுத்தார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருக்காக மண் வெட்டிய கூலியாட்களும் பெட்டி சுமந்த வண்டிக்காரர்களும் பெரும்பாலும் பெயரின்றியே போனார்கள். கல்லுக்கு ஊர்ப்பெயர் எழுதிய அந்தக் காலம் கை நீட்டி எடுத்துக்கொடுத்தவனுக்குப் பெயர் எழுதவில்லை.

1891இல் ஓய்வு பெற்றபின் பரோடா சமஸ்தானத்திலும் மைசூர் சமஸ்தானத்திலும் பணியாற்றினார். இல்லம் ஏற்காட்டில். 450க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து சேர்ந்த அவரது தொகுப்பை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. ஓய்ந்து உட்கார வேண்டிய வயதில் ஒவ்வொரு பொருளுக்கும் எண், இடம், கல்லின் வகை, வடிவம் என்று எழுதி விளக்கப் பட்டியல் தயாரித்தார். அது அச்சாவதை அவர் காணவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். பட்டியல் 1914இலும், பொருள்களின் காலத்தையும் பரவலையும் பற்றிய குறிப்புகள் 1916இலும் வெளியாயின. ஏற்காட்டுத் திரித்துவ தேவாலயத்தில் அவருக்கு நினைவுக் கல் உண்டு. கற்களோ எழும்பூரில் இருக்கின்றன.

இன்று அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. மாணவர்கள் பேருந்தில் போய்ப் பார்க்கிறார்கள். திரும்பும்போது பையில் ஒரு கிளிஞ்சல் கல்லைப் போட்டுக்கொள்ளாத பிள்ளை அரிது. கைப்பேசியில் இடக்குறிப்போடு படம் எடுக்கலாம். அளவுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைக்கலாம். கல்லின் ஓரத்தில் துளி வார்னிஷ் தடவி அதன்மேல் மையால் எண்ணிட்டு, அதே எண்ணை நோட்டுப் புத்தகத்தில் எழுதலாம். ஃபூட்டுக்கு நாள் கணக்கில் பிடித்த வேலை இன்று ஐந்து நிமிடம்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் அந்தப் பேழையைத் திறக்கச் சொல்லி, அம்மோனைட்டின் அருகே ஒரு சீட்டு எழுதி வைத்தேன். வகை: அம்மோனைட்டு. வந்த இடம்: அரியலூர்ப் பக்கம் என்பது செவிவழிச் செய்தி. எடுத்தவர்: தெரியவில்லை. ஆண்டு: தெரியவில்லை. சீட்டு எழுதியவரின் பெயரும் தேதியும் கீழே.