கடற்குன்றின் மேல் ஒரு தாய்: விட்பியின் புனித ஹில்டா

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், எஸ்க் நதி வடகடலோடு கலக்கும் இடத்தில், விட்பி என்னும் சிறிய துறைமுக நகர் அமைந்துள்ளது. உலகைச் சுற்றிய கடலோடி கப்டன் ஜேம்ஸ் குக் இளைஞராகக் கப்பற்றொழில் பயின்றது இந்தத் துறையிலேதான். நகரின் ஒடுங்கிய வீதிகளைக் கடந்து 199 கற்படிகளில் ஏறிச் சென்றால், கடற்காற்று ஓயாது வீசும் குன்றின் உச்சியில், கூரையிழந்த பெருமடம் ஒன்றின் இடிபாடுகளைக் காணலாம். 1539ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றி மன்னனின் ஆணையால் மூடப்பட்ட மடம் அது. முதலாம் உலகப் போரின்போது, 1914 டிசம்பர் 16ஆம் நாள், ஜேர்மன் போர்க்கப்பல்கள் இக்கரையைத் தாக்கியபோது எஞ்சிநின்ற சுவர்களும் சேதமடைந்தன.

ஆயினும் அக்குன்றின் பெருமை அந்தச் சுவர்களில் இல்லை. அவை எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அதே இடத்தில் எளிய துறவறக் குடில்களை அமைத்து, ஆண்களும் பெண்களுமான ஒரு பெருங்குடும்பத்தைத் தாயாக நின்று வழிநடத்திய ஒரு பெண்மணியின் பெயராலேயே விட்பி அறியப்படுகின்றது. அவரே புனித ஹில்டா. திருச்சபை அவரை நவம்பர் 17ஆம் நாளில் நினைவுகூருகின்றது.

விட்பியின் பாறைகளில் சுருண்ட பாம்பு போன்ற கற்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. குன்றில் நிறைந்திருந்த பாம்புகளை ஹில்டா தம் செபத்தால் கல்லாக்கினார் என்று முன்னாளைய மக்கள் கதை சொன்னார்கள். உண்மையில் அவை பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகள். அறிவியலாளரும் அக்கதையை மறக்காமல், அவற்றில் ஓர் இனத்திற்கு ஹில்டோசெராஸ் என்று பெயரிட்டனர். மூன்று கற்பாம்புகள் அந்நகரின் சின்னத்திலும் இடம்பெற்றுள்ளன. கதைகள் இனியவைதாம், ஆனால் இந்த அம்மையாரின் மெய்யான வாழ்வு கதைகளைவிட ஆழமானது. அதனை நமக்கு எழுதி வைத்தவர் புனித பேடா. ஹில்டா இறந்தபோது அவர் ஏறக்குறைய ஏழு வயதுச் சிறுவன். 731ஆம் ஆண்டில் அவர் நிறைவுசெய்த இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றில் ஹில்டாவுக்குத் தனி இடம் கொடுத்திருக்கின்றார்.

ஹில்டா 614ஆம் ஆண்டில் நொதம்பிரியா அரச குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஹெரெரிக் நாடு கடந்து வேற்று அரசன் ஒருவனிடம் அடைக்கலம் புகுந்திருந்த வேளையில் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார். அக்காலத்தில் தாய் பிரெகுஸ்வித் ஒரு கனவு கண்டார். காணாமற்போன கணவரை எங்கும் தேடிக் காணாமல் தவித்தவர், தம் ஆடைக்குள் ஒரு விலைமதிப்பற்ற கழுத்தணி இருப்பதைக் கண்டாராம். அதன் ஒளி பிரித்தானியா முழுவதையும் நிறைத்ததாம். தகப்பனை இழந்த அந்தக் குழந்தையே அந்த அணிகலன் என்று பிற்காலத்தவர் புரிந்துகொண்டனர்.

தந்தையின் மாமனாகிய எட்வின் மன்னன் 627ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று யோர்க் நகரில் ஆயர் பவுலீனுஸ் கையால் திருமுழுக்குப் பெற்றபோது, பதின்மூன்று வயதுச் சிறுமியான ஹில்டாவும் உடன் திருமுழுக்குப் பெற்றார். பவுலீனுஸ் உரோமையிலிருந்து வந்த மறைபரப்புநர். ஆக, ஹில்டாவின் விசுவாசத்தின் வேர் உரோமை மரபில் ஊன்றியது. சில ஆண்டுகளில் எட்வின் போர்க்களத்தில் மடிந்தார்; பவுலீனுஸ் தெற்கே திரும்ப நேர்ந்தது. நொதம்பிரியாவில் விசுவாச விளக்கை மீண்டும் ஏற்றியவர்கள் அயோனாத் தீவிலிருந்து வந்த அயர்லாந்துத் துறவிகளே. அவர்களுள் தலைசிறந்தவர், லிண்டிஸ்பார்ன் தீவில் மடம் அமைத்து, கால்நடையாக ஊரூராகச் சென்று மறையுரைத்த புனித எய்டன்.

முப்பத்துமூன்று ஆண்டுகள் உலக வாழ்வில் இருந்த ஹில்டா, அதன்பின் தம்மை இறைவனுக்குக் கையளிக்கத் துணிந்தார். சகோதரி இருந்த பிரான்சு நாட்டு மடத்திற்குச் செல்வதே அவர் எண்ணம். கிழக்கு ஆங்கிலியாவில் ஓர் ஆண்டு தங்கி அதற்கு ஆயத்தமும் செய்தார். அவ்வேளையில் எய்டன் அவரைச் சொந்த நாட்டுக்கே திரும்ப அழைத்தார். ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான சிறு நிலம், வியர் நதியின் வடகரையில், அவருக்குக் கொடுக்கப்பட்டது. அரச குலத்தவருக்கு அது அற்பமான கொடை. ஹில்டா ஒரு சில தோழியருடன் அங்கே ஓராண்டு துறவறம் காத்தார். பின்னர் கடலோர ஹாட்டில்பூல் மடத்தின் தலைவியானார். எய்டனும் பிற துறவியரும் அவரை அடிக்கடி சந்தித்துப் போதித்தனர். இவ்வாறு உரோமைக் குருவிடம் திருமுழுக்குப் பெற்றவர், அயர்லாந்துத் துறவியரிடம் துறவறம் கற்றார். இந்த இரண்டு நன்றிக்கடன்களும் ஒருநாள் அவர் இல்லத்திலேயே எதிரெதிராக நிற்கப்போகின்றன என்பதை அப்போது யார் அறிவார்?

655ஆம் ஆண்டில் நொதம்பிரியா அரசன் ஓஸ்வி தன் பெரும் பகைவனை வென்றார். போருக்கு முன் செய்த நேர்ச்சையின்படி, ஒரு வயதேயான தம் மகள் எல்பிளெட்டை இறைவனுக்கு ஒப்புக்கொடுத்து ஹில்டாவின் கைகளில் சேர்ப்பித்தார். இரு ஆண்டுகளின் பின், 657இல், விட்பியில் பெரிய மடம் ஒன்று எழுந்தது. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதிகளில் வாழ, இரு பகுதிக்கும் ஒரு பெண்ணே தலைவியாக இருக்கும் வழக்கம் அக்காலத்தில் அங்கு இருந்தது. நம் வாசகர்களுள் சிலருக்கு இது வியப்பளிக்கக்கூடும். அம்மடத்தில் எவருக்கும் சொந்த உடைமை இல்லை, அனைத்தும் பொதுவானவை. செல்வரென்றும் வறியவரென்றும் வேறுபாடு இருக்கவில்லை. எருசலேமின் முதற் கிறிஸ்தவர்களை நினைத்தே பேடா இதை விவரிக்கின்றார்.

திருநூலைக் கற்பதிலும் நற்செயலிலும் தம் மக்கள் நேரத்தைச் செலவிட வேண்டுமென ஹில்டா கண்டிப்பாக இருந்தார். 1920களில் அக்குன்றில் நடந்த அகழ்வுகளில் எழுத்தாணிகள் பல கிடைத்தமை அந்தக் கல்விக்குச் சான்று. அவர் பயிற்றுவித்தவர்களுள் ஐவர் ஆயர்களாயினர். அவர்களில் ஒருவரே பெவர்லியின் புனித யோவான். அரசரும் இளவரசரும் ஆலோசனை கேட்டு வந்தனர், எளியோரும் வந்தனர். அறிந்தோர் யாவரும் அவரைத் தாயென்றே அழைத்தனர். பட்டமாக அன்று, பழக்கத்தால் வந்த பெயர்.

அந்த எளியோருள் ஒருவரை இங்கே சற்று நின்று நோக்குவோம். மடத்தின் நிலத்தில் மாடுகளைக் கவனித்து வந்த கேட்மன் என்பவர் வயது முதிர்ந்தவர். ஒரு பாட்டும் அறியாதவர். விருந்துகளில் யாழ் கைமாறி வரும். ஒவ்வொருவரும் மீட்டிப் பாடுவர். யாழ் தம்மை நெருங்குவதைக் கண்டதும் கேட்மன் வெட்கத்தால் எழுந்து வெளியேறிவிடுவார். ஓர் இரவு அப்படி எழுந்து சென்று, தம் காவலில் இருந்த மாட்டுத் தொழுவத்தில் படுத்துறங்கினார். கனவில் ஒருவர் தோன்றி, பெயர் சொல்லி அழைத்து, பாடும்படி கேட்டார். தமக்குப் பாடத் தெரியாது, அதனாலேயே இங்கு வந்தேன் என்று இவர் மறுத்தார். படைப்பின் தொடக்கத்தைப் பாடும்படி மீண்டும் கட்டளை பிறந்தது. முன்னொருபோதும் கேட்டறியாத வரிகளால் அவர் படைத்தவரைப் புகழ்ந்து பாடினார். விழித்தபோதும் அவை நினைவில் நின்றன.

காலையில் பண்ணை மேற்பார்வையாளர் அவரை மடத் தலைவியிடம் அழைத்துச் சென்றார். இங்கேதான் ஹில்டாவின் உள்ளம் தெரிகின்றது. மாட்டுக்காரரின் கனவென்று அவர் தள்ளிவிடவில்லை. உடனே நம்பிவிடவுமில்லை. கற்றோரை அமர்த்தி, கேட்மனைப் பேசச்செய்து பொறுமையாகக் கேட்டார். திருநூலின் பகுதியொன்றை அவருக்கு விளக்கி, அதைப் பாடலாக்கித் தரும்படி செய்தார். மறுநாள் காலையில் பாடல் ஆயத்தமாக இருந்தது. அதன்பின் அவரைத் துறவியாகச் சேர்த்துக்கொண்டு, மீட்பின் வரலாறு முழுவதையும் அவருக்குக் கற்பிக்கச் செய்தார். எழுத்தறியாத கேட்மன், கேட்டதை மாடு அசைபோடுவதுபோல் மனத்தில் அசைபோட்டு, இனிய பாடல்களாகத் திருப்பித் தந்தார். பாமர மக்கள் தங்கள் சொந்த மொழியில் இறைவார்த்தையைப் பாடலாகக் கேட்டனர். ஆங்கில மொழியில் பெயர் தெரிந்த முதற் கவிஞர் அவரே. அவருடைய ஒன்பது வரிப் பாடலொன்று இன்றும் எஞ்சியுள்ளது. 1898இல் அவர் நினைவாக நிறுவப்பட்ட கற்சிலுவை அந்த 199 படிகளின் உச்சியில் நிற்கின்றது.

இனி, 664ஆம் ஆண்டுக்கு வருவோம். உயிர்த்த ஞாயிறை எந்நாளில் கொண்டாடுவது என்பதில் அயர்லாந்து மரபினரும் உரோமை மரபினரும் வேறு வேறு கணக்கைப் பின்பற்றினர். அரசன் ஓஸ்வி அயர்லாந்து மரபில் வளர்ந்தவர். அரசி எயன்பிளெட் கென்ற் நாட்டில் உரோமை மரபில் வளர்ந்தவர். அரசன் தவக்காலம் முடித்துப் பாஸ்கா விருந்தில் அமர்ந்திருக்க, அரசி இன்னும் நோன்பிலிருந்து குருத்து ஞாயிறைக் கொண்டாடும் நிலை ஒரே அரண்மனையில் உண்டாயிற்று. ஒரு குடும்பத்தில் இது எத்தகைய வேதனை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முடிவுகாண அரசன் சங்கமொன்றைக் கூட்டினார். இடம் விட்பி, ஹில்டாவின் இல்லம்.

ஹில்டா தம்மை உருவாக்கிய எய்டனின் மரபின் பக்கமே நின்றார். அப்பக்கத்திற்காகப் பேசியவர் லிண்டிஸ்பார்ன் ஆயர் கொல்மன். அவர் புனித யோவானின் வழக்கத்தையும், அயோனாவின் தந்தையாகிய புனித கொலும்பாவின் தூய்மையையும் எடுத்துக்காட்டினார். மறுபக்கம் பேசியவர் உரோமையில் கற்றுவந்த இளம் குரு வில்பிரிட். உலகத் திருச்சபை முழுவதும் கைக்கொள்ளும் முறையைத் தொலைவிலுள்ள இரு தீவுகளின் சில மூலைகள் மட்டும் எதிர்ப்பது முறையோ என்று அவர் வாதிட்டார். அவர் சொற்களில் கூர்மை சற்று அதிகமாகவே இருந்தது. விண்ணரசின் திறவுகோல்கள் பேதுருவுக்கே தரப்பட்டன என்று அவர் முடித்தபோது, அத்தகைய அதிகாரம் கொலும்பாவுக்கும் உண்டோ என்று அரசன் கொல்மனை வினவினார். இல்லையென்று கொல்மன் நேர்மையாக ஒப்புக்கொண்டார். அவ்வாறாயின் வாயிற்காப்போனைத் தாம் பகைக்கத் துணியவில்லை என்று கூறி, அரசன் உரோமையின் பக்கம் தீர்ப்பளித்தார்.

கொல்மனால் அதை ஏற்க இயலவில்லை. எய்டனின் எலும்புகளில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, தம் அயர்லாந்துத் துறவியரோடும் ஏறத்தாழ முப்பது ஆங்கிலேயத் துறவியரோடும் அவர் புறப்பட்டு, முதலில் அயோனாவுக்கும் பின்னர் அயர்லாந்தின் மேற்கே உள்ள இனிஷ்போபின் தீவுக்கும் சென்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அன்புக்குரிய ஒருவரின் வழியைக் கைவிடச் சொல்வது எளிய கட்டளையன்று.

ஹில்டா போகவில்லை. தம் கூரையின் கீழேயே தம் பக்கம் தோற்றது. தம் ஆன்மத் தந்தையின் எலும்புகள் கடல்கடந்து போயின. அவரோ தம் பிள்ளைகளோடு அதே குன்றில் தங்கி, அடுத்த பதினாறு ஆண்டுகள் அம்மடத்தைத் திருச்சபையின் ஒற்றுமைக்குள் வைத்து நடத்தினார். அவர் மறைந்து ஒரு தலைமுறைக்குள், உரோமையிலிருந்து ஆங்கிலேயருக்கு மறைபரப்புநரை அனுப்பிய பாப்பரசர் பெரிய கிரகோரியாரின் முதல் வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டது உரோமையிலன்று, விட்பியில்.

பணிந்தவர் வாயடைத்தவர் என்று எண்ணிவிடக்கூடாது. பிற்காலத்தில் ஆயர் வில்பிரிட் தம் பதவியைப் பற்றி உரோமையில் முறையிட்டபோது, அவருக்கெதிராக வாதாடத் தூதுவரை அனுப்பியவர்களுள் ஹில்டாவும் ஒருவர். இருவருமே இன்று புனிதர் வரிசையில் இருக்கின்றனர்! பேடா இதைத் தம் நூலில் குறிப்பிடவில்லை. வில்பிரிட்டின் வரலாற்றிலிருந்தே இது தெரியவருகின்றது.

674ஆம் ஆண்டளவில் கடுங்காய்ச்சல் ஹில்டாவைப் பற்றிக்கொண்டது. ஆறு ஆண்டுகள் அது விடவில்லை. அந்நாட்களிலும் அவர் இறைவனுக்கு நன்றி கூறுவதையும், தமக்குக் கீழிருந்தோருக்குக் கற்பிப்பதையும் நிறுத்தவில்லை. உடல் நலத்தில் இறைவனுக்குப் பணிபுரிய வேண்டும், நோயில் நன்றி கூற வேண்டும் என்று தம் நிலையையே பாடமாக்கினார். அந்த நோய்க்காலத்தின் இறுதி ஆண்டிலேதான் 13 மைல் தொலைவில் ஹக்னஸ் என்னுமிடத்தில் புதிய மடமொன்றையும் அமைத்தார்.

680ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், சேவல் கூவும் நேரத்தில், வழித்துணையாகத் திவ்விய நற்கருணையை உட்கொண்டார். தம்மைச் சூழ்ந்து நின்ற கன்னியரிடம், ஒருவரோடொருவரும் எல்லாரோடும் நற்செய்தியின் சமாதானத்தைக் காத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 66. உலகில் முப்பத்துமூன்று ஆண்டுகள், துறவறத்தில் முப்பத்துமூன்று ஆண்டுகள்.

அதே இரவில் ஹக்னஸ் மடத்தில் உறங்கிக்கொண்டிருந்த பெகு என்ற கன்னிகைக்கு, எவரேனும் இறந்தால் ஒலிக்கும் மணியோசை கேட்டது. கண் திறந்தபோது கூரை விலகி வீடெங்கும் ஒளி நிறைந்ததையும், அந்த ஒளியில் தம் தாயின் ஆன்மா வானதூதர் புடைசூழ மேலே செல்வதையும் கண்டார். நடுக்கத்தோடு ஓடிச்சென்று, அங்கே பொறுப்பாயிருந்த சகோதரியை எழுப்பிக் கண்ணீருடன் சொன்னார். எல்லாரும் ஆலயத்தில் கூடி, விடியும்வரை சங்கீதங்களைப் பாடித் தாயின் ஆன்மாவுக்காக மன்றாடினர். பொழுது புலர்ந்ததும் விட்பியிலிருந்து சகோதரர் சிலர் துயரச் செய்தியோடு வந்து சேர்ந்தனர். தங்களுக்கு அது முன்பே தெரியும் என்று கன்னியர் கூறினர். இரு தரப்பினரும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தனர்; மணியோசை கேட்ட வேளையும் தாய் கண்மூடிய வேளையும் ஒன்றாகவே இருந்தன.