ஜெரேனியத்துக்குக் குளிர் ஆகாது

பழைய இங்கிலாந்துப் பூங்காப் படங்களில் பார்த்திருப்பீங்க. புல்வெளி நடுவே வட்டமாகவோ நட்சத்திரமாகவோ வெட்டிய பாத்தி, அதில் சிவப்பு, மஞ்சள், நீலம்னு அளவெடுத்து நட்ட பூக்கள். விக்டோரியா ராணி காலத்து ஃபேஷன் இது. ஆனா அந்தச் சிவப்பு ஜெரேனியத்தின் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா. பெட்டூனியா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஒரு ராத்திரி உறைபனி விழுந்தா கதை முடிஞ்சது. அதனால் தண்டை நறுக்கித் தொட்டியில் ஊன்றி, குளிர்காலம் முழுக்கக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வைத்துக் காப்பாற்றி, மே கடைசியில்தான் வெளியே நடுவார்கள். அக்டோபரில் பிடுங்கிடுவார்கள்.

அதாவது பூப்பாத்தி போடணும்னா முதலில் கண்ணாடி வீடு கட்டத் தெரியணும். அதில் எல்லோரையும் மிஞ்சியவர் ஜோசப் பாக்ஸ்டன்.

1803-ல் பெட்ஃபோர்ட்ஷயரில் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் ஏழாவது மகனாகப் பிறந்தார். லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தில் சேர வயதைக் கூட்டிச் சொன்ன ஆள்! சங்கத்தின் சிஸ்விக் தோட்டத்தில் வேலை பார்த்தபோது டெவன்ஷயர் டியூக் கண்ணில் பட்டார். 1826-ல், 22 வயதில், டியூக்கின் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குத் தலைமைத் தோட்டக்காரர். போய்ச் சேர்ந்தது விடிகாலை நாலரை மணிக்கு. கேட் பூட்டியிருந்தது, சுவரேறிக் குதித்தார். ஆறு மணிக்கு ஆட்களை வேலைக்கு விட்டார். காலைச் சாப்பாட்டில் சந்தித்த சாரா என்ற பெண்ணை மறு வருஷம் கல்யாணம் செய்தார். இவர் ஊர் ஊராக அலைந்தபோதெல்லாம் சாட்ஸ்வொர்த் கணக்குவழக்கைப் பார்த்தது சாராதான்.

புதுச் செடி வேணும்னா ஆள் அனுப்பணும். 1835-ல் ஜான் கிப்சன் என்ற இளைஞரை டியூக் செலவில் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவர் ஆர்க்கிட் பெட்டிகளோடு பத்திரமாகத் திரும்பினார். பிறகு லண்டன் பேட்டர்சீ பூங்காவில் கல்வாழை மாதிரி பெரிய இலைச் செடிகளைப் பாத்தியில் வைத்துப் பெயர் வாங்கியதும் இவர்தான். 1838-ல் வட அமெரிக்காவுக்குப் போன ராபர்ட் வாலஸும் பீட்டர் பேங்ஸும் திரும்பவில்லை. கொலம்பியா ஆற்றில் படகு கவிழ்ந்து இரண்டு பேரும் மூழ்கிவிட்டார்கள். பாக்ஸ்டன் கையில் வேலை கற்ற பசங்க. செடி சேகரிப்பைப் பற்றி எழுதும்போது பலர் கிப்சனோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை.

சாட்ஸ்வொர்த்தில் அவர் கட்டிய பெரிய கண்ணாடிக் கூடம் 277 அடி நீளம். தரைக்கு அடியில் எட்டு பாய்லர், நிலக்கரி வரச் சுரங்கப்பாதை. 1845-ல் கண்ணாடி வரி நீங்கியது. விலை இறங்கவும், பாத்தி ஆசை சின்ன வீடுகளுக்கும் ஊர்ப் பூங்காக்களுக்கும் பரவியது. மக்கள் வரிப்பணத்தில் அமைந்த 1847-ல் திறந்த பிர்கன்ஹெட் பூங்காவை வடிவமைத்துக் கொடுத்ததும் பாக்ஸ்டன்தான்.

1849-ல் ராட்சத அல்லியை சாட்ஸ்வொர்த்தில் பூக்க வைத்தார். மகள் ஆனியை அதன் இலை மேல் நிற்க வைத்தார், இலை தாங்கியது. அடியில் ஓடிய நரம்புகளின் அமைப்பு அவர் மனசில் பதிந்தது. அடுத்த வருஷம் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தபடி மை ஒற்றும் தாளில் கிறுக்கியதுதான் கிரிஸ்டல் பேலஸ்: 1,848 அடி நீளம், எல்லா பாகமும் முன்னாடியே செய்து கொண்டுவந்து பூட்டியவை. நம்ம சிவில் பசங்க இப்பவும் படிக்கிற கட்டடம்.

கண்காட்சி முடிந்ததும் அதைக் கழற்றி சிடன்ஹாமில் இன்னும் பெரிதாகக் கட்டினார்கள். 1854-ல் திறப்பு. வெர்சாய் தோட்டத்தையே தோற்கடிக்க நினைத்தார் பாக்ஸ்டன். கீழ்த்தளங்கள் முழுக்க ஜெரேனியமும் கால்சியோலேரியாவும். நீரூற்றுகளுக்கு அழுத்தம் கொடுக்க ப்ரூனல் இரண்டு கோபுரம் கட்டினார். கம்பெனி கடனில் மாட்டியது, அதற்கு பாக்ஸ்டனின் நீரூற்று ஆசையும் ஒரு காரணம்.

1865 ஜூன் மாதம் சிடன்ஹாமிலேயே இறந்தார். அந்த வருஷத்துச் செடிகள் அப்போதுதான் பாத்திக்கு வந்திருக்கும்.

முதல் உலகப் போரில் சாட்ஸ்வொர்த் கண்ணாடிக் கூடத்துக்கு நிலக்கரி கிடைக்கவில்லை. உள்ளே இருந்த செடிகள் செத்தன. 1920-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இன்று அந்த இடத்தில் வேலிச்செடிகளால் ஆன ஒரு சுற்றுப்புதிர் இருக்கிறது.