சிறைக்கப்பலில் வந்த மருத்துவர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

கி.பி. 1797ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் தேம்சு ஆறு கடலோடு கலக்குமிடத்தில் நோர் என்னும் துறை. அங்கே நங்கூரமிட்டிருந்த போர்க்கப்பல்களின் மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர். நூறாண்டுகளுக்கு மேலாக உயராத ஊதியம், வாயில் வைக்க முடியாத உணவு, தொட்டதற்கெல்லாம் சவுக்கடி. எவ்வளவு காலந்தான் பொறுப்பது?

அக்கப்பல்களுள் ஒன்று ‘ஸ்டாண்டர்டு’. அதில் உதவி மருத்துவராக அண்மையில் சேர்ந்திருந்தார் வில்லியம் ரெட்பெர்ன் என்னும் இளைஞர். வயது ஏறக்குறைய இருபத்து மூன்று. அவர் கத்தி எடுக்கவில்லை, எவரையும் தாக்கவில்லை. இன்னும் ஒற்றுமையாக இருங்கள் என்று மாலுமிகளுக்கு அறிவுரை கூறினார். அந்த ஒரு சொல்லே குற்றமாயிற்று. படைநீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. இளம் வயதைக் கருதி அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. நான்காண்டுகள் சிறையில் கழிந்தன. 1801இல் ‘மினோர்கா’ என்ற கப்பலில் ஏற்றப்பட்டு, ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்தில் கைதியாக இறக்கப்பட்டார்.

பிரிட்டன் 1788 முதல் தன் கைதிகளை அனுப்பி வந்த குடியேற்றம் அது. அங்கே கைதிகளுக்கும் காவலர்க்கும் நோய் வந்தது. மருத்துவர்களோ மிகச் சிலர். ஆகவே ரெட்பெர்ன் நார்போக் தீவிற்கு மருத்துவப் பணிக்காக அனுப்பப்பட்டார். 1803இல் ஆளுநர் கிங் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். ஆறாண்டுகள் அத்தீவில் உழைத்த பின், 1808இல் சிட்னிக்குத் திரும்பினார்.

திரும்பியவர் முன் ஒரு கேள்வி எழுந்தது. நீர் மருத்துவர் என்பதற்குச் சான்று எங்கே? லண்டனில் தேர்வு எழுதித் தேறியவர்தாம். ஆனால் காட்டுவதற்குக் கையில் தாள் இல்லை. படித்த படிப்பையும் தண்டனை விழுங்கிவிட்டதோ என்று எண்ணத் தோன்றும். அவரோ மனம் தளரவில்லை. மூன்று மருத்துவர்கள் முன்னிலையில் மீண்டும் தேர்வுக்கு அமர்ந்து தகுதியை மெய்ப்பித்தார். உதவி அறுவை மருத்துவர் பதவி கிடைத்தது. 1810இல் ஆளுநராக வந்த மக்குவாரியின் குடும்பத்திற்கும் அவரே மருத்துவரானார். அதே வேளையில் கைதிகளையும் நாள்தோறும் பார்த்து மருந்தளித்தார். இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்றுக்கொடுத்தார்.

அவர் வாழ்வின் தலையாய பணி 1814இல் வந்தது. அவ்வாண்டு வந்த ‘ஜெனரல் ஹெவிட்’ கப்பலில் புறப்பட்ட 300 கைதிகளுள் 34 பேர் வழியிலேயே மாண்டிருந்தனர். ‘சர்ரி’ கப்பலில் 200 பேருள் 36 பேர் காய்ச்சலுக்குப் பலியாயினர். கப்பல் தலைவரும் இறந்தார். காரணம் கண்டறியும் பொறுப்பை மக்குவாரி ரெட்பெர்னிடம் ஒப்படைத்தார்.

அந்தக் கப்பலடியின் இருளில் தாமே கிடந்து வந்தவரல்லவா அவர்! உடை, உணவு, காற்று, மருத்துவ உதவி என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து அறிக்கை எழுதினார். கைதிகளை மேல்தளத்திற்கு வரவிட வேண்டும். படுக்கைகளை உலர்த்த வேண்டும். உடை தூய்மையாக இருக்க வேண்டும். கீழ்த்தளத்தைக் கழுவிக் காயவிட வேண்டும் என்றார். இவற்றை விடவும் கூர்மையானது மற்றொரு பரிந்துரை. அந்நாளில் கப்பல் மருத்துவரை அமர்த்தியவர் கப்பல் உரிமையாளர். கூலி கொடுப்பவரின் ஆளான கப்பல் தலைவனை எதிர்த்து, கைதிக்காக அம்மருத்துவர் எப்படிப் பேசுவார்? எனவே அரசே தகுதியுள்ள கடற்படை மருத்துவரை அமர்த்தி, அவருக்கு அதிகாரமும் கொடுக்க வேண்டுமென்று ரெட்பெர்ன் எழுதினார். லண்டன் அதை ஏற்றது. 1815 முதல் கைதிக் கப்பல்களில் அத்தகைய மருத்துவர்கள் அமர்த்தப்பட்டனர். கடல்வழிச் சாவுகள் பெரிதும் குறைந்தன.

அறிவியல் மாணவர்களாகிய நாம் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பல்களைச் சூறையாடிய டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது உடையில் வாழும் பேன் என்று பிரெஞ்சு அறிஞர் சார்லஸ் நிக்கோல் கண்டறிந்தது 1909இல்தான். பேனின் குற்றத்தை ரெட்பெர்ன் அறியார். ஆயினும் தூய உடை வேண்டுமென்று அவர் வற்புறுத்தியது பேனையே ஒழிக்கும் வழியாகும். கண்ணால் கண்டதைக் கவனமாக எண்ணிப் பார்ப்பதும் அறிவியலே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இத்தனை செய்தும் பழைய கறை அவரை விடவில்லை. 1819இல் தலைமை மருத்துவர் பதவி காலியானபோது, முறைப்படி அவருக்கு வர வேண்டிய அது, இங்கிலாந்திலிருந்து வந்த வேறொருவருக்குப் போயிற்று. ரெட்பெர்ன் பதவி விலகினார். மக்குவாரி அவரை நீதிபதியாக்கினார். கைதியாக வந்தவன் நீதி வழங்குவதா என்று எதிர்ப்புக் கிளம்பிற்று. லண்டன் அதையும் பறித்தது. ஆளுநர் தந்த மன்னிப்புகளே முழுமையாகச் செல்லுமா என்ற ஐயமும் சட்டத்தில் எழுந்தது. தண்டனை முடிந்து உழைத்து வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரின் சொத்தும் உரிமையும் கேள்விக்குறியாயின. அவர்கள் அனைவருக்காகவும் விண்ணப்பம் ஏந்தி, 1821இல் எட்வர்டு ஈகர் என்ற மற்றொரு முன்னாள் கைதியோடு ரெட்பெர்ன் லண்டனுக்குக் கப்பலேறினார். 1823ஆம் ஆண்டுச் சட்டம் அம்மன்னிப்புகளுக்கு வலுவளித்தது.

1833இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் அவர் மறைந்தார். அவருக்கு அரசு வழங்கிய நிலம் இன்று சிட்னி நகருக்குள் ரெட்பெர்ன் என்ற பகுதியாக விளங்குகிறது. அந்நிலம் அதற்கு முன் காடிகல் என்னும் பழங்குடி மக்களுடையது என்பதையும் மறந்துவிடலாகாது.

நண்பர்களே! ஒற்றுமையாக இருங்கள் என்று 1797இல் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டவர், 1821இல் அதே ஒற்றுமையின் தூதுவராகக் கடல் கடந்தார். மன்னிப்பு பெற்றபின் தம் நலனை மட்டும் பார்த்துக்கொண்டு அவர் ஒதுங்கியிருக்கலாம், ஒதுங்கவில்லை. தாம் கிடந்த கப்பலடியை அவர் மறக்கவில்லை. படித்து மேலேறும் நாமும், ஏறி வந்த இடத்தை மறவாதிருப்போமாக!