எல்லீசரும் மாட்டம்மையும்

நீடாமங்கலத்திற்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள வலங்கைமானில், பங்குனித் திங்களிற் பாடைக்காவடித் திருவிழா நிகழ்கின்றது. கடுநோயுற்ற காலை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பிழைத்தெழுந்தோர் பிணம்போலப் பாடைமீது கிடக்க, உறவினர் அவரைச் சுமந்து கோயிலை வலம் வருவர். வெண்ணாற்றங்கரை ஊர்களினின்று அங்குச் செல்லும் கூட்டத்தைக் கிறித்தவக் குடியிற் பிறந்த நாமும் இளமையில் வாயிலில் நின்று பார்த்ததுண்டு. பெரியம்மை புகுந்த வீட்டில் நோய் என்னும் சொல்லை வாய்விடாது, தாய் வந்திருக்கின்றாள் என்று தாழ்ந்த குரலிற் கூறிய காலம் ஒன்றிருந்தது. அத்தாயின் பெயராலேயே அந்நோயை விலக்க முயன்ற ஓர் ஆங்கிலேயரின் வரலாற்றை ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

அவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்பார். தமிழர் அவரை எல்லீசர் என்று தம்மவராக்கிக்கொண்டனர். 1796இல் கும்பினியாரின் எழுத்தராகச் சென்னைக்கு வந்து, பல பதவிகளைக் கடந்து, 1810இல் அந்நகரின் கலெக்டரானார். 1812இற் சென்னைக் கோட்டைக் கல்லூரி தோன்றுதற்கு முதல்வராய் நின்றார். தென்மொழிகள் வடமொழியின் வழிப்பிறந்தன அல்ல, தனிக்குடும்பமாவன என்பதைக் கால்டுவெல் ஐயரின் நூல் வெளிவருதற்கு நாற்பதாண்டு முன்னரே, 1816இற் சான்றுகாட்டி எழுதினார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் விளக்கினார். முத்துசாமிப் பிள்ளையை ஊரூராய் அனுப்பி வீரமாமுனிவரின் நூல்களைத் தேடுவித்தாரும் இவரே; தேம்பாவணி பயிலும் நம்மனோர் இதனை மறத்தலாகாது. 1818இற் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் நேர்ந்தபோது 27 கிணறுகள் தோண்டுவித்து, அச்செய்தியைத் தமிழ்ச் செய்யுளாகவே கல்லிற் பொறிப்பித்தார்.

இனி அம்மைக்கு வருவோம். இங்கிலாந்தில் ஜென்னர் 1796இற் கண்ட மாட்டம்மைப்பால் குத்தும் முறை, 1802 ஜூன் மாதத்திற் பம்பாயை அடைந்து, அவ்வாண்டிலேயே சென்னைக்கும் வந்தது. அக்காலத்தில் அப்பாலைப் புட்டியில் அடைத்து வைத்துக் காக்க வழியில்லை. ஒரு குழந்தையின் கையிற் கொப்புளித்த நீரை எடுத்து மற்றொரு குழந்தையின் கையிற் குத்துவர். எக்குலத்துக் குழந்தையின் நீர் எக்குலத்துக் குழந்தைக்குச் செல்கின்றது என்னும் அச்சம் ஒருபுறம். தேவியின் திருவிளையாடலில் மனிதர் கையிடுவதா என்னும் கூச்சம் மறுபுறம். மக்கள் ஒதுங்கினர்.

எல்லீசர் வேறுவழி நினைந்தார். தன்வந்திரியும் சக்தியும் உரையாடுவதாக ஒரு சிறு நூல் செய்தார். அம்மையினின்று உயிர்களைக் காக்கும் வழியைத் தேவியே அருளுகின்றாள் என்பது அதன் சாரம். பசு தரும் ஐந்து பொருள்களும் தூயன என்று கொள்வார்க்கு, மாட்டம்மையும் அப்பசுவின் கொடையே என்று அந்நூல் உணர்த்துகின்றது. தம் பெயரை மறைத்து, பழநூல் போலத் தோன்றுமாறு அதனை அமைத்தார்.

வியப்பு யாதெனின், அவர் புகழ்ந்த மாட்டம்மையும் மறைந்து வாழும் இயல்பினதே என்பதுதான். இஃது எல்லீசர் காலத்தார் எவரும் அறியாதது. நம் ஊர் நெல் வணிகர், மூட்டையைக் குத்தி ஒரு பிடி நெல்லை வெளியே எடுத்துப் பார்த்தே உள்ளிருப்பதைத் துணிவர். நம் உடலின் உயிரணுவும் அவ்வாறே, தன்னகத்து உருவாகும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தன் மேற்புறத்தில் ஏந்தி நிற்கும். டி உயிரணுக்கள் என்னும் காவலர் அவற்றைத் தடவிப் பார்த்து, வைரஸின் துண்டு தென்படின் அவ்வணுவைக் கொன்றுவிடும். மாட்டம்மை வைரஸோ இரண்டு புரதங்களால் இக்காவலை ஏய்க்கின்றது. ஒன்று, துண்டுகள் ஏந்துமிடத்திற்குச் செல்லும் வாயிலை அடைக்கின்றது. மற்றொன்று, ஏந்தும் கையையே மேலெழவொட்டாது உள்ளே பிடித்து வைக்கின்றது. காவலர் வந்து பார்த்து, ஐயமின்றித் திரும்பிவிடுவர்.

அங்ஙனமாயின் அது நம்மைக் காப்பது எவ்வாறு? வைரஸ் புகாத வேறு சில அணுக்கள், இறந்துபட்ட அணுக்களின் சிதைவுகளை விழுங்கி, அவற்றினின்று பெற்ற துண்டுகளைத் தாமே காவலர்க்குக் காட்டுகின்றன. அவ்வணுக்களின் கைகளை வைரஸ் பிடிக்கவில்லையன்றோ! ஆதலின் மறைப்பு ஓரளவே செல்லும். கற்ற காவலர் நெடுங்காலம் மறவார்; எதிர்ப்புப் புரதங்களும் குருதியில் உண்டாகும்; உறவான பெரியம்மை வரினும் எதிர்த்து நிற்கும். பின்னாளில் உலகெங்கும் குத்தப்பட்டது மாட்டம்மையின் உறவாகிய வாக்சினியா என்னும் வைரஸ். அதனாற் பெரியம்மை இந்தியாவில் 1975இலும், உலகில் அதன்பின் இரண்டாண்டிலும் ஓய்ந்தது. 1980இல் அஃது ஒழிந்தமை அறிவிக்கப்பட்டது.

எல்லீசரின் புனைவுக்குத் திரும்புவோம். எசூர்வேதம் என்றொரு நூல் பழைய வேதமென ஐரோப்பாவில் மதிக்கப்பட்டு, வால்டேர் என்னும் பேரறிஞரையும் மயக்கியது. புதுச்சேரியிலிருந்த ஏடுகளை நுணுகி ஆராய்ந்து, அது கிறித்தவக் குருமார் புனைந்ததே என்று வெளிப்படுத்தியவர் இவ்வெல்லீசரே. பிறர் பொய்யை அவிழ்த்த கை தானும் ஒன்றை முடிந்தது! குருமார் செய்தது நம் சமயத்தார் நாணத்தக்கது என்பதில் எமக்கு ஐயமில்லை. எல்லீசர் செய்ததையும் அவ்வாறே கடிவதா என்றால், குழந்தைகளின் முகம் கண்முன் வருகின்றது, தயங்குகின்றோம். எனினும் ஒன்று கூறவேண்டும். ஜென்னருக்கு முன்னரே இந்திய நூல்களில் மாட்டம்மை குத்துதல் சொல்லப்பட்டுள்ளது என்னும் கூற்று 1819இற் சென்னைப் பத்திரிகையொன்றில் எழுந்து, கடல் கடந்து பரவி, ஆராய்ச்சியாளர் அதனை மறுக்க நெடுங்காலம் ஆயிற்று. அன்பினாற் சொன்ன பொய்யும் சொன்னவர் விரும்பிய இடத்தோடு நிற்பதில்லை போலும்.

நாற்பது வயது நிரம்புமுன் பெருநூலொன்றும் வெளியிடுவதில்லை என்று அவர் உறுதி பூண்டிருந்தனர் என்பர். அவ்வயதை எய்திய சில ஆண்டுகளுக்குள், 1819 மார்ச்சில், இராமநாதபுரத்திற் காலமானார். எசூர்வேத ஆராய்ச்சி 1822இலேயே அச்சேறிற்று. பல்லாண்டு உழைத்துத் திரட்டிய அவருடைய குறிப்பேடுகள் ஒரு சமையற்காரன் கையிற் சிக்கி, திங்கள் பலவாக அடுப்பெரிக்கப் பயன்பட்டன என்று சொல்லுவர். பெயர் மறைத்து எழுதிய அம்மைநூலோ எரியாமல் எஞ்சியது.